பனியீரி: ஊர்த்திருவிழாவின் கிரேக்கப் பெயர்

எழுத்தை மட்டும் பார்த்து இந்தச் சொல்லைத் தமிழில் 'பனிகிரி' என்று எழுதினால் ஏதோ பனிமலையின் பெயர் போலத் தோன்றிவிடும். கிரேக்கர்கள் சொல்வது 'பனியீரி'. அழுத்தம் 'யீ'யில் விழும், பன்மையில் 'பனியீரியா'. ஓர் ஊர் தன் கோயிலின் புனிதருக்குரிய நாளில் எடுக்கும் திருவிழாவே பனியீரி. முந்தின நாள் மாலை வழிபாடு, மறுநாள் காலைத் திருப்பலி, ஐந்து அப்பங்களை ஆசீர்வதித்துப் பகிரும் சடங்கு, ஊர்விருந்து, விடியவிடிய ஆட்டம் எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

இதன் மூலச்சொல், பழங்கிரேக்கத்தின் 'பனேகுரிஸ்'. 'பான்' என்றால் எல்லாம், எல்லாரும். 'அகுரிஸ்' என்றால் கூட்டம். மக்கள் கூடும் பொதுவெளியைக் குறிக்கும் 'அகோரா'வும் இதே வேரில் பிறந்தது. ஆக, எல்லாரும் கூடுவதே பனேகுரிஸ். ஒலிம்பியாவில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை சேயுஸ் கடவுளுக்கு எடுத்த பெருவிழாவும் ஒரு பனேகுரிஸ்தான். அத்தகைய கூட்டத்துக்கென்று கி.மு. 380 அளவில் ஏதென்ஸின் சொற்கலை ஆசான் ஐசாக்ரட்டீஸ் எழுதிய உரைக்குப் 'பனேகுரிகோஸ்' என்று பெயர். விழா மேடைப் பேச்சில் புகழ்ச்சி மிகுந்ததால், ஐரோப்பிய மொழிகளில் அந்தப் பெயருக்குப் 'புகழுரை' என்ற பொருளே நிலைத்தது. துருக்கியருக்கோ விழாவை ஒட்டிய கடைகள்தான் கண்ணில் பட்டன போலும். அவர்கள் மொழியில் 'பனயிர்' என்றால் சந்தை. கடவுள்கள் போய்ப் புனிதர்கள் வந்த பிறகும் கிரேக்கர்கள் மட்டும் சொல்லை விழாவோடு சேர்த்தே வைத்துக்கொண்டார்கள்.

கிழக்கு ஏஜியன் கடலில் உள்ள இக்காரியா தீவு இந்த விழாக்களுக்குப் பேர்போனது. கோடையில், குறிப்பாக ஆகஸ்ட் 15 அன்று மாதாவின் விண்ணேற்றத்தை ஒட்டி, ஊருக்கு ஊர் பனியீரி நடக்கும். நீண்ட மேசைகளில் வேகவைத்த ஆட்டுக்கறியும் உள்ளூர்ச் சிவப்பு ஒயினும் வரும். வயலின் தொடங்கியதும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக ஆடுவார்கள். முன்பின் தெரியாதவருக்கும் அந்த வட்டத்தில் இடம் உண்டு. உணவும் ஒயினும் விற்ற வருமானம் ஊரின் பொதுப்பணிகளுக்குப் போகும்.

சிஃப்னோஸ் தீவின் வழக்கம் வேறு. அங்கே விழாவை ஏற்று நடத்துபவர் 'பனியிராஸ்'. கோயிலின் திருவுருவப் படம் ஓராண்டு அவர் வீட்டில் இருக்கும். விழாவன்று வருகிற அத்தனை பேருக்கும் அவர் செலவில் சோறு: கொண்டைக்கடலைச் சூப், இறைச்சி, ஒயின். உணவுக்கூடம் சிறியது என்பதால் பந்தி பந்தியாக உட்காருவார்கள். விழா முடிந்ததும் படம் அடுத்த பனியிராஸின் வீட்டுக்குப் போகும்.

தமிழில் இதை என்னவென்று சொல்வது? 'தேவாலய விழா' என்றால் ஆட்டமும் விருந்தும் வெளியே நிற்கும். சுற்றுலா விளம்பரத்துக்கு 'இசை விழா' கவர்ச்சியாக இருக்கலாம். ஆனால் அதில் புனிதரே இல்லை. விழாவைக் குறிக்கச் சங்கத் தமிழில் 'சாறு' என்று அருமையான சொல் உண்டு. இன்று அதைக் கேட்டால் பழச்சாறுதான் நினைவுக்கு வரும். 'ஊர்த்திருவிழா' என்பதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. 'திரு' தெய்வத்தைச் சுட்டுகிறது. 'ஊர்' என்றாலே நமக்கு ஊரார் எல்லாரும்தான். மூலச்சொல்லில் 'பான்' செய்யும் வேலையை அது செய்துவிடுகிறது.

பனியிராஸுக்கு நம் கோயில் வழக்கிலிருந்து 'மண்டகப்படிதாரர்' என்ற சொல்லைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஓராண்டு படத்தை வீட்டில் வைத்திருக்கும் பொறுப்பை அது சொல்லாது என்பதால் முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் வேண்டும். ஊர்விருந்துக்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. நெல்லை, குமரிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆலயத் திருவிழாவில் எல்லாரும் சேர்ந்து உண்பதை 'அசனம்' என்கிறார்கள். சிஃப்னோஸில் பந்தி போட்டுப் பரிமாறுவதும் அசனம்தான்.