குருத்தணு சிகிச்சை: சொல்லும் பொருளும்

'ஸ்டெம் செல்' என்ற பெயரைத் தமிழ்நாட்டில் பலர் முதலில் கேட்டது தொப்புள்கொடி ரத்த வங்கி விளம்பரங்களில்தான். இப்போது பக்கவாதம், பார்க்கின்சன், தண்டுவடக் காயம் என்று எந்த நரம்பு நோயைப் பற்றிப் பேசினாலும் 'ஸ்டெம் செல் தெரபி' வந்துவிடுகிறது. தமிழில் அதைக் குருத்தணு சிகிச்சை, தண்டு உயிரணு சிகிச்சை, மூலச்செல் சிகிச்சை என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்.

உடலின் பெரும்பாலான செல்கள் ஒரே வேலைக்கு என்று அமைந்துவிட்டவை. குருத்தணு அப்படியல்ல. பிரிந்து தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கும். தேவைப்பட்டால் வேறு வகைச் செல்லாகவும் மாறும். எலும்பு மஜ்ஜையில் இருப்பவை நாள்தோறும் ரத்த அணுக்களைத் தருகின்றன. 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, எலியின் முதிர்ந்த தோல் செல்லையே பின்னோக்கித் திருப்பி இந்த நிலைக்குக் கொண்டுவந்தார். 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சொல் பிறந்தது ஜெர்மனியில். உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868இல் 'ஷ்டாம்ட்செல்லே' என்று எழுதியபோது அவர் சிகிச்சை எதையும் நினைக்கவில்லை; பலசெல் உயிர்களுக்கெல்லாம் மூதாதையான ஒற்றைச் செல்லைத்தான் சொன்னார். பிறகு கருவுற்ற முட்டைக்கும் அதே பெயரைத் தந்தார். ஜெர்மனில் 'ஷ்டாம்' என்றால் அடிமரம். குலம், வழி என்ற பொருளும் உண்டு. நாம் கொடிவழி என்கிறோமே, அதை அவர்கள் 'ஷ்டாம்பௌம்', அதாவது குலமரம் என்பார்கள். ஆக, ஒரு கொடிவழியின் முதல் செல் என்பதே மூலப்பொருள். ஆங்கிலத்தில் அது 'ஸ்டெம்' ஆனது. அதைப் பார்த்து நாம் 'தண்டு' என்றோம். கீரைத்தண்டு நினைவுக்கு வருகிறதே தவிர, வழித்தோன்றல் என்ற கருத்து வருவதில்லை. அதிலும் நரம்பியலில் இது பெரிய தொல்லை: தண்டுவடத்தில் தண்டணு செலுத்தினார்கள் என்று எழுதினால், தண்டுவடத்திலேயே இருக்கும் அணு என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'உயிரணு'வோ பேச்சு வழக்கில் விந்தணுவைக் குறிக்கப் போய்விட்டது.

'மூலச்செல்' பொருளளவில் ஹெக்கலுக்கு நெருக்கம். என் ஓட்டு 'குருத்தணு'வுக்கே. வாழையிலும் பனையிலும் இனி வரப்போகும் இலையெல்லாம் குருத்திலிருந்துதான் வரும். குருத்தெலும்போடு குழம்புமே என்பார்கள். அது வேறு, ஆனால் சூழலே காட்டிக்கொடுத்துவிடும். இலங்கையில் செல்லைக் 'கலம்' என்பதால், அங்கே வேறு சொல் அமைவது இயல்பு.

சரி, 'சிகிச்சை' என்ற பாதி? ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றும்போது அந்தச் சொல் முழுப்பொருளோடு நிற்கிறது. நரம்பு நோய்களில் அப்படிச் சொல்ல முடியாது. நோய் எதிர்ப்பு மண்டலமே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸில், நோயாளியின் சொந்த ரத்தக் குருத்தணுக்களை எடுத்து வைத்து, கடுமையான மருந்தால் நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கி, பின் அவற்றைத் திருப்பிச் செலுத்துகிறார்கள். அவை நரம்புச் செல்லாக மாறுவதில்லை, எதிர்ப்பு மண்டலத்தைப் புதிதாக எழுப்புகின்றன. பார்க்கின்சனில் முயல்வது வேறு: அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் குருத்தணுவிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்து மூளையிலேயே வைப்பது. ஜப்பானின் கியோட்டோவில் 2018இல் தொடங்கிய ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. ஏழு பேருக்குச் செல்கள் வைக்கப்பட்டன. பலன் அளவிடப்பட்ட ஆறு பேரில் நால்வருக்கு, மருந்தின் தாக்கம் இல்லாத நேரத்து அசைவு மேம்பட்டிருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் ஏழே பேர்.

இந்த இரண்டு முறைக்கும் ஒரே பெயர் இருப்பதால், எதையோ ரத்தக் குழாய் வழி ஏற்றி அனுப்பும் கிளினிக்கும் அதே பெயரை மாட்டிக்கொள்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அங்கீகரிக்கப்பட்ட ரத்த நோய் போன்றவற்றுக்கான மாற்று முறைகளைத் தவிர, மருத்துவ ஆய்வுக்கு வெளியே குருத்தணுக்களை நோயாளிக்குச் செலுத்துவது நெறிமீறல் என்கிறது. ஆகவே பார்க்கின்சன், தண்டுவடக் காயம் பற்றி எழுதும்போது 'குருத்தணு ஆய்வு' என்றே எழுதலாம்.