சாச்சுரேஷன் 94 காட்டுதே, அப்புறம் ஏன் வென்டிலேட்டர்?

“வென்டிலேட்டர் மட்டும் வேண்டாம் டாக்டர். மூக்குல வச்சிருக்கிற அந்தக் குழாயே போதும். அப்பா நல்லாத்தானே பேசுறார், சாச்சுரேஷன்கூட 94 காட்டுதே!” ஐசியு வாசலில் இதைக் கேட்காத வாரம் இல்லை. சாச்சுரேஷன் என்பது ரத்தம் எவ்வளவு ஆக்சிஜன் சுமக்கிறது என்று காட்டும் சதவீதம். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. முகத்தை இறுக்கும் மாஸ்க் இல்லை, தொண்டைக்குள் டியூப் இல்லை, நோயாளி காபி கேட்கிறார். பார்க்கிறவர்களுக்கு நிம்மதியாகத்தான் இருக்கும்.

அந்தக் குழாய்க்குப் பெயர் ஹை ஃப்ளோ நேசல் ஆக்சிஜன். கொரோனாவுக்கு முன்பு பெரிய ஐசியுக்களில் மட்டும் இருந்தது; இப்போது சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளிலும் பார்க்க முடிகிறது.

வார்டில் மூக்கில் மாட்டும் சாதாரணக் குழாயில் நிமிடத்துக்கு 1 முதல் 6 லிட்டர் ஆக்சிஜன் போகும். பை வைத்த மாஸ்க்கில் 10 முதல் 15 லிட்டர். ஆனால் மூச்சுத் திணறும் ஒருவர் காற்றை உள்ளே இழுக்கும் வேகம் நிமிடத்துக்கு 60 லிட்டரையும் தாண்டும். நாம் 15 கொடுத்தால் மீதியை எங்கிருந்து எடுப்பார்? மாஸ்க்கின் ஓரத்து இடைவெளி வழியாக அறைக் காற்றை இழுத்துக்கொள்வார். அதில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். “ஃபுல் ஆக்சிஜன் போட்டிருக்கு” என்று சொல்லும்போதும் நுரையீரலுக்குப் போவது ஃபுல் இல்லை.

ஹை ஃப்ளோ இந்த இடத்தில்தான் உதவுகிறது. நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை தரும். அதில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பதை 21 முதல் 100 வரை நாமே வைக்கலாம். காற்றை 37 டிகிரிக்குச் சூடாக்கி, ஈரமாக்கி அனுப்பும். இந்த வேகத்தில் வறண்ட காற்று போனால் மூக்கு எரியும், சளி கட்டிப்போகும், நோயாளி குழாயைப் பிடுங்கிவிடுவார். அதனால் கருவியோடு இருக்கும் தண்ணீர்ப் பை காலியாகாமல் பார்த்துக்கொள்ளும் சிஸ்டருக்குத்தான் பாதிப் பெருமை. வேகமாகப் போகும் காற்று, மூக்கிலும் தொண்டையிலும் தேங்கும் கரியமில வாயுவை வெளியே தள்ளும். நுரையீரலுக்குள் லேசான அழுத்தமும் கொடுக்கும். வாயைத் திறந்தே மூச்சு விட்டால் அந்த அழுத்தம் குறைந்துவிடும்.

சரி, இவ்வளவு நல்ல கருவி என்றால் இதிலேயே விட்டுவிடலாமே? 2015-இல் வெளியான பெரிய பிரெஞ்சு ஆய்வில் 310 நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஹை ஃப்ளோ கொடுத்தவர்களில் 90 நாள் இறப்பு குறைவாக இருந்தது. ஆனால் வென்டிலேட்டருக்காக டியூப் போடும் தேவை உறுதியாகச் சொல்லும்படி குறையவில்லை. கொரோனா நோயாளிகளை வைத்து பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், சாதாரண ஆக்சிஜனைவிட ஹை ஃப்ளோ மேல் என்று நிரூபணமாகவில்லை. விடாமல் அழுத்தத்தோடு காற்று தரும் இறுக்கமான சிபேப் மாஸ்க்தான் பலன் தந்தது. நான் தினமும் பயன்படுத்துகிறேன், இனியும் பயன்படுத்துவேன். ஆனால் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற கருவி இல்லை இது.

அந்த 94-க்கு வருவோம். ஒருவர் 60 சதவீத ஆக்சிஜனில், நிமிடத்துக்கு 28 மூச்சு விட்டு 94 காட்டுகிறார். பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் 80 சதவீதத்தில், 36 மூச்சு விட்டு அதே 94 காட்டுகிறார். மானிட்டரில் எண் ஒன்றுதான், இரண்டாமவர் நிலைமை வேறு. இதை அளக்க ராக்ஸ் இண்டெக்ஸ் என்று ஒரு எளிய கணக்கு உண்டு. சாச்சுரேஷனை ஆக்சிஜன் அளவால் வகுத்து (60 சதவீதம் என்றால் 0.6), வருவதை மூச்சு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். முதலாமவருக்கு 5.6, இரண்டாமவருக்கு 3.3-க்கும் கீழே. 4.88-ம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் டியூப் இல்லாமல் தப்பிவிடலாம். ஆறு மணி நேரம் கழித்தும் 3.47-க்குக் கீழே என்றால் வென்டிலேட்டருக்குத் தயாராக வேண்டும். நிமோனியா நோயாளிகளை வைத்துச் செய்த கணக்கு இது, எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது.

மூச்சை எண்ணும்போது மானிட்டரை நம்ப வேண்டாம் என்று ஜூனியர் டாக்டர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். நோயாளி புரண்டு படுத்தால், இருமினால் அது எதையாவது காட்டும். போர்வையை விலக்கி, ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். அப்படியே கழுத்தையும் பாருங்கள், ஒவ்வொரு மூச்சுக்கும் தசை புடைக்கிறதா என்று. நெற்றியில் வியர்வை இருக்கிறதா? ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்கிறாரா, இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்துகிறாரா? சாச்சுரேஷன் விழுவதற்கு முன்பே இவை சொல்லிவிடும்.

குடும்பத்தார் சொல்லும் இன்னொன்றும் எனக்குப் பயம் தரும்: “ராத்திரி பூரா தூங்கலை, இப்பதான் நல்லா அசந்து தூங்குறார்.” உண்மையான தூக்கமாக இருக்கலாம். மூச்சு விட்டு விட்டுக் களைத்துப்போனதாகவும் இருக்கலாம். பல வருடம் பீடி சிகரெட் பிடித்து நுரையீரல் கெட்டவர் என்றால், கரியமில வாயு ஏறி வரும் மயக்கமாக இருக்கலாம். எழுப்பிப் பார்த்துவிடுங்கள். எழுந்து சரியாகப் பேசவில்லை என்றால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். கரியமில வாயு ஏறியவருக்கு முதலில் தேவைப்படுவது பெரும்பாலும், மூச்சை இழுக்கும்போது கூடுதல் அழுத்தம் தந்து உதவும் பைபேப் மாஸ்க்தான்.

தள்ளிப்போடுவதில் என்ன ஆபத்து? தென்கொரியாவில் பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வந்தது. ஹை ஃப்ளோ பலிக்காமல் போனவர்களில், 48 மணி நேரம் கடந்து டியூப் போட்டவர்கள் அதற்குள் போட்டவர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். வென்டிலேட்டர் போட்டதால்தான் போய்விட்டார் என்று ஊரில் பேசிக்கொள்ளும் கதைகளில் சில, லேட்டாகப் போட்ட கதைகள்.

இடையில் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 60 லிட்டர் வேகம், 100 சதவீதம் என்றால் 1,500 லிட்டர் பிடிக்கும் சிறிய சிலிண்டர் 25 நிமிடம்தான் வரும். 7,000 லிட்டர் பெரிய சிலிண்டரே இரண்டு மணி நேரம் தாங்காது. பல ஆம்புலன்ஸ்களில் ஹை ஃப்ளோ கருவியே இருக்காது. வழியில் சாதாரண மாஸ்க்கில் இவர் தாக்குப்பிடிப்பாரா என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு டியூப் போட்டு அனுப்புவதுதான் பாதுகாப்பு.

ஹை ஃப்ளோ மாட்டும் அன்றைக்கே வென்டிலேட்டர் பேச்சையும் நான் எடுத்துவிடுவேன். சில வீட்டில் கோபப்படுவார்கள், வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று. பரவாயில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு திணறும்போது, ஒரு மகன் துபாயில், இன்னொருவர் போன் எடுக்கவில்லை, மாமாவைக் கேட்காமல் கையெழுத்துப் போட முடியாது என்றால் அங்கே போவது நேரம். யார் முடிவெடுப்பது என்று பகலிலேயே பேசி, ஒருவர் பெயரையும் போன் நம்பரையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், நோயாளியையே கேளுங்கள். டியூப் போட்டபின் அவரால் பேச முடியாது. ஹை ஃப்ளோவில் இருக்கும்வரை அவருக்கு என்ன வேண்டும் என்று அவரே சொல்லலாம்.