ஃபங்க்: நாற்றமாக இருந்து இசையான சொல்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை ஒன்றுக்குப் பெயரான ‘ஃபங்க்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் முதலில் இருந்த பொருள் நாற்றம். 17ஆம் நூற்றாண்டில், புகையிலைப் புகை அடைத்துக்கொண்ட அறையின் நெடியை இப்படிச் சொன்னார்கள். புகையைக் குறிக்கும் ‘ஃபூமுஸ்’ என்ற இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வட்டார வழக்கு வழியாக வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. 18ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் பேச்சில் இதே ஒலியுடன் வேறொரு சொல் தலைகாட்டுகிறது. அதற்குப் பொருள் நடுக்கம், பயம். பின்னாளில் அது மனச்சோர்வையும் குறித்தது. இன்றைக்கு யாராவது ‘ஒரு வாரமாக ஃபங்க்கில் இருக்கிறேன்’ என்றால் அது இந்த இரண்டாவது சொல். தமிழில் ‘மனசு சரியில்லை’ என்றாலே போதும். இசைக்காரர்கள் எடுத்துக்கொண்டது முதல் சொல்லை, அதாவது நாற்றத்தை.

நாற்றம் எப்படி இசைக்குப் பெயரானது என்று பார்க்க அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்குப் போக வேண்டும். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே பட்டி போல்டன் என்ற கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊது கருவி) கலைஞர் கொடிகட்டிப் பறந்தார். ஜாஸின் முன்னோடி என்று அவரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர் வாசித்த ஒரு ஒலிப்பதிவுகூட இன்று இல்லை. அவர் வாசித்த ஒரு கூடத்துக்கு யூனியன் சன்ஸ் ஹால் என்று பெயர். ஊர்க்காரர்கள் அதை ‘ஃபங்க்கி பட் ஹால்’ என்றார்கள். கொஞ்சம் நாகரிகமாகத் தமிழ்ப்படுத்தினால் ‘புட்டம் நாறும் கூடம்’. வெயில் ஊர், நெரிசலான கூடம், விடிய விடிய ஆடும் கூட்டம். அந்தப் பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. சன்னலைத் திறந்து இந்தக் கெட்ட காற்றை வெளியே விடுங்கள் என்று போல்டனின் பெயரோடு ஒட்டிய பாட்டு ஒன்றும் உண்டு. ஆடிக் களைத்த உடம்பின் வியர்வை நெடிதான் அந்தக் காற்று.

கறுப்பின மக்களின் பேச்சில் இந்தச் சொல் வசையாக இல்லாமல் பாராட்டாக மாறியதற்கு இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. யேல் பல்கலைக்கழகக் கலை வரலாற்றுப் பேராசிரியர் ராபர்ட் ஃபாரிஸ் தாம்சன் 1983இல் இதை எழுதினார். மத்திய ஆப்பிரிக்காவின் கிகோங்கோ மொழியில் ‘லு-ஃபுகி’ என்றால் உடல் நாற்றம். ஆனால் அந்த மக்களிடம் அது உழைத்தவனின் அடையாளம். தன் வேலையை முழுசாகச் செய்து முடித்தவரைப் புகழவும் அதையே சொல்வார்கள். கோங்கோ பண்பாட்டு அறிஞர் ஃபு-கியாவு புன்செகி அவரிடம் சொன்ன விளக்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வயது முதிர்ந்த ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்வது அவருடைய லு-ஃபுகி தன்மேல் படுவதற்காக. அதாவது ஆசி வாங்குவதற்காக. பாட்டியின் மடியில் படுத்து வெற்றிலையும் விபூதியும் கலந்த வாசத்தில் தூங்கியவர்களுக்கு இதைப் புரிய வைக்க வேண்டியதில்லை.

தாம்சனின் விளக்கம் முடிந்த முடிவு அல்ல. ஆங்கிலச் சொல் தனியாகவே பழையது. இரண்டும் அமெரிக்காவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கலாம் என்ற அளவில் எடுத்துக்கொள்வதே நியாயம். ஆனாலும் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் மேடையேறும் ஒரு பழைய ஃபங்க் குழுவைப் பார்க்கப் போகும் கூட்டத்தின் மனநிலையை வேறெந்த வேர்ச்சொல்லும் இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை. அவர்கள் பெரியவர் பக்கத்தில் உட்காரத்தான் போகிறார்கள்.

1950களில் ஜாஸ்காரர்கள் இச்சொல்லை இசைக்கே வைத்தார்கள். பியானோ கலைஞர் ஹோரஸ் சில்வர் 1953இல் பதிவு செய்த ஒரு உருப்படியின் தலைப்பிலேயே அது இருக்கிறது. அதைத் தனி இசை வகையாக்கியவர் பாடகர் ஜேம்ஸ் பிரவுன். 1967இல் அவர் வெளியிட்ட பாட்டின் பெயர் ‘கோல்ட் ஸ்வெட்’, குளிர்ந்த வியர்வை. வியர்வை இந்தச் சொல்லை விட்டுப் போவதே இல்லை, பாருங்கள். அதுவரை நான்கு அடித் தாளத்தில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும் விழுந்தது. பிரவுன் அதை முதல் அடிக்குக் கொண்டுவந்தார். குழுவில் இதை ‘தி ஒன்’ என்பார்கள். முதல் அடியில் எல்லாரும் ஒன்றாக வந்து விழ வேண்டும். நடுவில் கிட்டாரும் பேஸ் கிட்டாரும் ஊது கருவிகளும் ஆளுக்குக் கொஞ்சமாக இடைவெளி விட்டு வாசித்துக்கொள்ளலாம். தவறாக வாசித்தவருக்கு அபராதம், ஷூ பளபளக்காவிட்டால் அதற்கும் அபராதம்.

பிரவுனின் இந்தப் பள்ளியில் 1970இல் சேர்ந்து ஒரு வருடத்தில் வெளியேறிய பேஸ் கலைஞர் பூட்ஸி காலின்ஸ் போய்ச் சேர்ந்த இடம் ஜார்ஜ் கிளிண்டன். ஒழுங்குக்கு நேர் எதிர் முனை. கிளிண்டன் 1941இல் வட கரோலினாவில் பிறந்தவர். நியூ ஜெர்சியின் பிளெயின்ஃபீல்டில் முடிதிருத்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டுக் குழு நடத்தியவர். பார்லமெண்ட், ஃபங்க்கடெலிக் என்று ஒரே ஆட்களை வைத்து இரண்டு பெயர்களில் இசைத்தட்டு வெளியிட்டார். இரண்டையும் சேர்த்து பி-ஃபங்க் என்பார்கள்.

1976இல் ஹூஸ்டனில் அவர்கள் நடத்திய நிகழ்ச்சியின் காணொளி கிடைக்கிறது. அதில் ஒரு இடம். கிளென் காயின்ஸ் என்ற இளம் பாடகர், தேவாலயத்தில் பாடுவதுபோல், வானத்து ரதத்தை இறங்கி வரச் சொல்லிப் பாடுகிறார். அடிமைக் காலத்து பக்திப் பாட்டின் சாயல். பாடப் பாடக் கூட்டம் மேலே பார்க்கிறது. புகையைக் கக்கிக்கொண்டு ஒரு விண்கலம் மேடையில் இறங்குகிறது. உள்ளிருந்து கிளிண்டன் வருகிறார். விண்கலத்தை அழைத்த அந்தக் குரல்காரர் 1978இல், 24 வயதில் இறந்துபோனார். அந்த விண்கலமும் 1980களின் தொடக்கத்தில் கடன் தொல்லையில் பழைய இரும்போடு போனது. பின்னால் செய்த இன்னொன்று இப்போது வாஷிங்டனில், 2016இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கிளிண்டன் மட்டும் அருங்காட்சியகத்துக்குப் போக மறுத்துவிட்டார். சுற்றுப்பயணத்திலிருந்து ஓய்வு பெறப்போவதாக 2018இல் அறிவித்தார். அதற்குப் பிறகும் மேடையேறினார். எண்பது தாண்டிய இந்த வயதில் மேடையில் அவர் பாடுவது குறைவு. குரல் கரகரத்துவிட்டது. கையை வீசுகிறார், கூட்டத்தைத் தூண்டுகிறார். பாட்டைச் சுமப்பவர்கள் இளையவர்கள். அதில் அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்டு. பழைய ரசிகர்களில் சிலர் இதை ஏமாற்று என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபங்க்கில் தனி ஆளின் குரல் முதன்மை இல்லை. முதல் அடி சரியாக விழுகிறதா என்பதே கேள்வி. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் மேடையில் இருந்தால் போதும்.

நியூ ஆர்லியன்ஸின் தி மீட்டர்ஸ் என்ற ஃபங்க் குழுவில் வயதாவது வேறு மாதிரி. 1960களின் நடுவில் தொடங்கிய நால்வர் குழு அது. 1977இல் பிரிந்தார்கள். 2015இல் அதே நால்வரும் தங்கள் ஊர் ஜாஸ் விழாவில் மறுபடி ஒரே மேடையில் வாசித்தார்கள். அவர்களுடைய இசையே வாசிக்காமல் விடும் இடங்களில்தான் இருக்கிறது. வேகமும் சாகசமும் தேவைப்படும் இசை வயதானால் கை நழுவும். எங்கே வாசிக்கக் கூடாது என்ற அறிவு நழுவுவதில்லை. ஆர்கன் வாசித்த ஆர்ட் நெவில் 2019இல் காலமானார்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

நெடிக்குத் தமிழில் பஞ்சமில்லை. மீனுக்குக் கவிச்சி, வியர்வைக்கு வீச்சம், அழுகலுக்கு முடை என்று தனித்தனியாக வைத்திருக்கிறோம். இவற்றில் ‘நாற்றம்’ என்ற சொல்லின் பயணம் ஃபங்க்குக்கு நேர் எதிர்த்திசையில் போயிருக்கிறது. ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் கேட்டபோது அது நறுமணம். ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ என்ற குறளிலும் மணமே. நாம் அந்த நல்ல சொல்லை மூக்கைப் பொத்தும் சொல்லாக்கினோம். அமெரிக்கக் கறுப்பின மக்கள் மூக்கைப் பொத்தும் சொல்லை எடுத்துப் பாராட்டாக்கினார்கள். எனவே ‘நாற்ற இசை’ என்று மொழிபெயர்த்தால் ஆண்டாள் மட்டுமே கோபிக்காமல் இருப்பார்.

‘குத்திசை’ என்று சிலர் சொல்லக்கூடும். ஏற்க முடியாது. டப்பாங்குத்துக்குத் தனி நடையும் தனி ஊரும் இருக்கின்றன. அது இறுதி ஊர்வலத்திலும் திருவிழாவிலும் தெருவில் நடந்து வருவது. ஃபங்க் ஒரே இடத்தில் நின்று அசைவது. ஜாஸ், ப்ளூஸ் என்று அப்படியே எழுதுவதுபோல இசை வகையின் பெயரை ஃபங்க் என்றே வைத்துக்கொள்வதுதான் சரி.

ஆனால் அதைச் சுற்றியுள்ள கலைச்சொற்களுக்கு நம்மிடம் பழுத்த சொற்கள் இருக்கின்றன. ‘தி ஒன்’ என்பதற்குச் ‘சமம்’. தாளத்தின் முதல் அடிக்கு நம் வித்வான்கள் சொல்லும் சொல் அதுதான். தனி ஆவர்த்தனத்தில் கோர்வை சுற்றிச் சுற்றி வந்து சமத்தில் விழும்போது சபாவில் தலைகள் ஒன்றாக ஆடுமே, அதே ஆட்டம்தான் ஹூஸ்டன் கூட்டத்திலும் தெரிகிறது. திரும்பத் திரும்ப வந்து உடம்பை ஆட்டும் தாள ஓட்டமான ‘க்ரூவ்’ என்பதற்குத் ‘தாளக்கட்டு’ பொருந்தும். ஒரு வாசிப்பை ‘ஃபங்க்கி’ என்று புகழ வேண்டுமானால் ‘நெடியேறிய வாசிப்பு’ என்று எழுதிப் பார்க்கலாம். மிளகாய் வதக்கினால் மூக்கில் நெடி ஏறுகிறது, தும்மாமல் இருக்க முடியாது. உடம்பு தானாக அசையும் இசைக்கு அது ஒத்துவரும் என்று நினைக்கிறேன். துணிக்கடையிலும் கம்மல் விற்பவரிடமும் கேட்கும் ‘ஃபங்க்கி’ வேறு. அதற்கு ‘பகட்டு’ என்பதோ ‘கலர்ஃபுல்’ என்பதோ போதும்.

எழுத்தில் ஒரு எச்சரிக்கை: ஆய்தத்தை விட்டுவிடாதீர்கள். ‘பங்க் இசை’ என்று எழுதினால் அது லண்டனில் தலைமுடியைக் குத்திட்டு நிற்கவைத்துக்கொண்டு கிட்டாரை உடைத்தவர்களின் இசையாகிவிடும். அவர்களையும் தெரியாத வாசகர் பெட்ரோல் போடும் இடத்துக்கே போய்விடுவார்.