0.04 மில்லிமீட்டர் விலகல்

ஒரு ஐ.சி.க்கான (பல கால்கள் கொண்ட மின்னணுச் சில்லு) குறியீட்டை நானே வரைந்து, கணினியில் மின்சுற்று வரைபடத்தில் வைத்தேன். முதல் பின்னில், அதாவது சில்லின் காலைக் காட்டும் கோட்டில், கம்பி சேர்ந்தது. இரண்டாவதிலும் தொட்டதுபோலத்தான் தெரிந்தது. ஆனால் இணைப்பு இல்லை என்று காட்டும் சிறு வட்டம் மறையவே இல்லை. குறியீட்டை 2.5 மி.மீ. கட்டத்தில் வரைந்திருக்கிறேன், வரைபடத்தின் கட்டமோ 2.54 மி.மீ. ஒவ்வொரு பின்னுக்கும் 0.04 மி.மீ. விலகல் கூடிக்கொண்டே போயிருக்கிறது.

இத்தனைக்கும் மின்சுற்று வரைபடத்தில் எந்தப் பொருளுக்கும் உண்மையான அளவு கிடையாது. ரெசிஸ்டர் எள் அளவா, சுண்டுவிரல் அளவா என்பது அதன் குறியீட்டுக்குத் தெரியாது. பின்னின் நுனியும் கம்பியின் நுனியும் ஒரே இடத்தில் விழவேண்டும், அவ்வளவுதான். புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி சற்றே தள்ளிப்போனால் கை வளைத்துச் சமாளித்துவிடும். மென்பொருளோ இரண்டு எண்களை ஒப்பிட்டு, சமமா இல்லையா என்று மட்டுமே பார்க்கிறது.

அதனால்தான் குறியீட்டு நூலகங்களுக்கு விதி எழுதிவைக்கிறார்கள். மின்சுற்று வரைய உதவும் கீகேட் (KiCad) என்ற கட்டற்ற மென்பொருளின் நூலக விதிப்படி, பின்கள் 100 மில் கட்டத்தில் அமைய வேண்டும். எழுத்தின் உயரம் 50 மில். மில் என்றதும் மில்லிமீட்டரை நினைத்துவிடக் கூடாது. அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1960களில் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் பிறந்த இரட்டை வரிசை ஐ.சி.யின் கால் இடைவெளியும், பற்றவைக்காமல் சுற்றைச் செருகிப் பார்க்கும் இன்றைய பிரெட்போர்டின் துளை இடைவெளியும் அதே 100 மில்தான்.

அங்குலத்திலிருந்து மெட்ரிக்குக்கு மாறும்போது பின்னங்கள் சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை. ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் 1959இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஓர் அங்குலம் மிகச்சரியாக 25.4 மி.மீ. எனவே ஒரு மில் 0.0254 மி.மீ.; மீதி எதுவும் இல்லை. கீகேட் தன் வரைபடத்துக்குள் 100 நானோமீட்டரை ஓர் அலகாக வைத்து எண்ணுகிறது. அதில் ஒரு மில் 254 அலகு, முழு எண். கோப்பில் மில்லிமீட்டரில் எழுதினாலும் பழைய கட்டம் அசையாமல் நிற்பது இதனால்தான்.

சர்க்யூட் போர்டில் பொருளைப் பற்றவைக்கும் செப்புத் திட்டுகளை வரையும்போது நிலைமை தலைகீழ். அங்கே எண் என்றால் நிஜ நீளம். 0.5 மி.மீ. இடைவெளியில் பக்கத்துக்கு 25 கால் கொண்ட ஐ.சி.க்கு, "கிட்டத்தட்ட 20 மில்தானே" என்று போட்டுப் பாருங்கள். 20 மில் 0.508 மி.மீ. முதல் காலைத் திட்டில் பொருத்திவைத்தால், 24 இடைவெளி கடந்து கடைசிக் கால் 0.192 மி.மீ. தள்ளி நிற்கும். காலின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான்!

எனக்கு இதைவிட எரிச்சலூட்டுவது, ரெசிஸ்டர் போன்ற சிறு பொருள்களின் நீள அகலத்தைக் குறிக்கும் 0603 என்ற பெயர். அங்குலக் கணக்கில் அது ஏறத்தாழ 0.06க்கு 0.03 அங்குலம், அதாவது 1.6க்கு 0.8 மி.மீ. மெட்ரிக் கணக்கிலும் ஒரு 0603 உண்டு, அது 0.6க்கு 0.3 மி.மீ. முதலாவதைக் கையால் பற்றவைத்துவிடலாம். இரண்டாவது மூச்சுக்காற்றிலேயே பறந்துவிடும். கீகேட் நூலகத்தில் ரெசிஸ்டரின் பெயரிலேயே "0603", "1608 மெட்ரிக்" என இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். பெயர் நீளம்தான், ஆர்டர் போடும் முன் நான் அதைக் கடைசி எழுத்துவரை படிக்கிறேன்.