இரட்டையர்: டென்னிஸ் களத்தில் ஒரு சொல்

டென்னிஸில் வலையின் இருபுறமும் இருவர் இருவராக நின்று, ஆக நால்வர் ஆடும் ஆட்டத்தை ஆங்கிலத்தில் டபுள்ஸ் என்பர். தமிழ் நாளேடுகள் இதை ‘இரட்டையர்’ என்றும், ஆண்கள் மட்டும் ஆடுவதை ‘ஆடவர் இரட்டையர் பிரிவு’ என்றும் எழுதுகின்றன. சொல் வழக்கில் நன்றாக நிலைத்துவிட்டது; ஆயினும் அதன் பொருள் எல்லை எது என்பதில் எழுதுவோரிடையே ஒரு தடுமாற்றம் இருந்துகொண்டே இருக்கிறது.

டபுள் என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலம் இருமடங்கு என்று பொருள்படும் ‘துப்ளுஸ்’ என்னும் லத்தீன் சொல். அது மடங்கைக் குறிக்குமேயன்றி மனிதரைக் குறிக்காது. தமிழாக்கம் செய்தவர்கள் மடங்கை விட்டுவிட்டு ஆட்களைப் பிடித்தார்கள். இரண்டு என்னும் எண்ணின் அடியாகப் பிறந்த ‘இரட்டு’ என்ற வினையிலிருந்து வருவது இரட்டை. அதனோடு பலர்பால் விகுதியாகிய ‘அர்’ சேர, இடையே யகர உடம்படுமெய் தோன்றி இரட்டையர் ஆயிற்று. விளையாட்டின் பெயரை ஆடுவோரின் பெயராக மாற்றிய இந்தத் திருப்பமே சொல்லின் வலிமைக்கும் குழப்பத்துக்கும் ஒருங்கே காரணம்.

இதற்கு எதிர்ச்சொல்லாக ‘ஒற்றையர்’ வந்தபோது, ஒற்றைக்குப் பன்மை விகுதி எப்படிப் பொருந்தும் என்று கேட்டவர்கள் உண்டு. வலைக்கு இப்பால் ஒருவரும் அப்பால் ஒருவருமாகத் தனித்தனியே நிற்பவர்கள் என்று கொண்டால் குறையொன்றும் இல்லை. புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு ‘ஒத்தையா, ரெட்டையா’ என்று கேட்டு விளையாடிய பிள்ளைகளுக்கு இந்தச் சொல் இணை ஏற்கெனவே வாயில் இருந்ததுதான்.

குழப்பம் எங்கே எழுகிறது என்றால், இரட்டையர் என்பது ஒரே பேற்றில் பிறந்த இருவரையும் குறிக்கிறது. 1877-இல் தொடங்கிய விம்பிள்டனில் ஆடவர் இரட்டையர் பிரிவு 1884-இல்தான் சேர்க்கப்பட்டது. அதன் முதல் பட்டத்தை வென்ற வில்லியம் ரென்ஷா, எர்னஸ்ட் ரென்ஷா இருவரும் உண்மையிலேயே இரட்டைப் பிறவிகள். நம் காலத்தில் இணைந்து, ஆண்டின் நான்கு பெரும் போட்டிகளாகிய கிராண்ட் ஸ்லாம்களில் 16 பட்டங்களை வென்ற அமெரிக்கரான பாப் பிரையனும் மைக் பிரையனும் அவ்வாறே. இவர்களைப் பற்றி ‘இரட்டையர் இரட்டையர் பட்டம் வென்றனர்’ என்று எழுதினால் அச்சுப்பிழை என்றே வாசகர் நினைப்பார்.

எனினும் இதைக் காரணமாகக் காட்டிச் சொல்லையே தள்ளிவிட வேண்டியதில்லை. உடன்பிறவாத இருவர் ஒரு தொழிலைச் சேர்ந்து செய்யும்போது அவர்களை இரட்டையர் என்று அழைப்பது தமிழுக்குப் பழைய வழக்கம். முதுசூரியர், இளஞ்சூரியர் என்னும் புலவர் இருவருக்கு இரட்டையர் என்றே பெயர். ஒருவருக்குப் பார்வையில்லை, மற்றவருக்குக் கால் இல்லை. காலில்லாதவரைப் பார்வையற்றவர் தோளில் சுமந்து செல்ல, ஒருவர் வெண்பாவின் முதற்பாதியைப் பாட மற்றவர் எஞ்சியதை முடிப்பார் என்பது மரபுச் செய்தி. ஒருவர் சர்வீஸ் என்னும் தொடக்க அடியைப் போட, மற்றவர் வலையருகே நின்று திரும்பி வரும் பந்தை அடித்து முடிக்கும் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி வேறெங்கே தேட?

ஆகவே இரட்டையர் என்பதைப் பிரிவின் பெயராகவும் ஆட்டத்தின் பெயராகவும் வைத்துக்கொள்வதே நேர். சேர்ந்து ஆடும் இருவரைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘இணை’ என்பது தெளிவு தரும். நாளேடுகள் பெரிதும் கையாளும் ‘ஜோடி’ வடக்கிலிருந்து வந்தது. செருப்புக்கும் திரைப்படக் காதலருக்கும் ஒருங்கே பயன்படுவது. பிழையென்று சொல்லமாட்டேன், ஆனால் இணை இருக்கும்போது அது எதற்கு? இணையர் என்றும் எழுதலாமே எனில், அச்சொல் இன்று வாழ்க்கைத் துணையைக் குறிக்கப் பரவலாக வழங்குவதால் வேறொரு குழப்பத்துக்கு வழி திறக்கும். ‘இரட்டையர்கள்’ என்று விகுதிமேல் விகுதி அடுக்குவதும் வேண்டாதது.

‘2024 ஆஸ்திரேலிய ஓப்பன் ஆடவர் இரட்டையர் பிரிவில் ரோகன் போபண்ணா, மேத்யூ எப்டன் இணை பட்டம் வென்றது’ என்னும் தொடரில் பிரிவும் ஆட்களும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. சென்னை ஓப்பனில் லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி இணை 1997, 1998, 1999, 2002, 2011 என ஐந்து முறை பட்டம் வென்றதையும் இவ்வாறே எழுதலாம். ‘இரட்டையர் போட்டி’ என்றால் ஒரு நாள் ஆட்டமா, முழுப் பிரிவா என்பது விளங்காது. முழுமைக்குப் பிரிவு, ஒன்றுக்கு ஆட்டம் என்று வரையறுத்துக்கொள்வது நல்லது. களத்தின் அளவிலும் இச்சொல் இடம்பெறுகிறது: ஒற்றையர் களத்தின் அகலம் 27 அடி, இரட்டையர் களத்தின் அகலம் 36 அடி, இருபுறமும் நாலரை அடிப் பட்டை கூடுகிறது, சர்வீஸ் பந்து விழவேண்டிய கட்டம் மட்டும் மாறுவதில்லை.

மிகுதியாகப் பிழைபடும் தொடர் ‘இரட்டையர் தரவரிசை’. இணைக்கு உரிய தரவரிசை என்று பலர் இதைப் புரிந்துகொள்கின்றனர். தொழில்முறை ஆடவர் டென்னிஸில் இரட்டையர் ஆட்டங்களில் பெறும் புள்ளிகள் ஒவ்வொரு வீரரின் தனிக் கணக்கில் சேர்கின்றன. ஒரு போட்டித் தொடரில் நுழைய இடம் கேட்கும்போதுதான் இருவர் தரநிலைகளையும் கூட்டிப் பார்க்கிறார்கள். இரட்டைக்கிளவி பிரிந்து இசைக்காது என்கிறது தொல்காப்பியம். டென்னிஸ் இணையோ வாரத்துக்கு வாரம் பிரியும், வேறு ஆளோடு சேரும். 2018-இல் பாப் காயத்தால் ஒதுங்கியிருந்தபோது மைக் பிரையன், ஜாக் சாக் என்பவருடன் சேர்ந்து விம்பிள்டனை வென்று, இரட்டையர் தரவரிசையில் முதலிடத்துக்குத் திரும்பினார்; பின்னர் அமெரிக்க ஓப்பனையும் இருவரும் வென்றனர். அந்த முதலிடம் மைக்குக்கு மட்டுமே உரியது. உடன்பிறந்த பாபுக்கும் அதில் பங்கில்லை, உடன் ஆடிய சாக்குக்கும் பங்கில்லை.