கொறடா என்பது குறடா?

2019 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலோடு சேர்த்து எங்கள் தருமபுரி மாவட்டத்தில் இரண்டு இடைத்தேர்தல்களும் வந்தன. ஒன்று அரூர், மற்றொன்று பாப்பிரெட்டிப்பட்டி. வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு அரூர் கச்சேரிமேட்டில் ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் நாளிதழை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏன் தம்பி, கொறடா கொறடா என்று எழுதியிருக்கிறார்களே, அது என்ன, ஆணி பிடுங்குகிற குறடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் பதில் சொல்லிவிட்டார்: "அதேதான் ஐயா. பிடிக்காத ஆளைக் கட்சியிலிருந்து பிடுங்கி எறிகிறார் அல்லவா, அதனால்தான் அந்தப் பெயர்."

இதைவிடப் பொருத்தமான தப்பான விளக்கத்தை நான் கேட்டதில்லை. குறடு நம் வீட்டுச் சொல். கொல்லன் உலையிலிருந்து பழுத்த இரும்பை எடுப்பது குறடு. செருப்புத் தைப்பவர் ஆணி பிடுங்குவதும் குறடு. பேச்சில் அது கொறடு ஆகிவிடும். ஆனால் வாக்கெடுப்புக்குத் தன் கட்சி உறுப்பினர்களைத் திரட்டி வரச் சட்டமன்றத்தில் இருக்கும் கொறடாவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கொறடா என்றால் சாட்டை.

அந்தச் சொல்லை முதன்முதலில் கையில் தொட்டுப் பார்த்தது குந்தாரப்பள்ளிச் சந்தையில். கிருஷ்ணகிரிப் பக்கம் வெள்ளிக்கிழமை கூடும் சந்தை அது. மூக்கணாங்கயிறு, கழுத்துச் சலங்கை, சாட்டை எல்லாம் தரையில் சாக்கு விரித்துப் பரப்பியிருந்த வியாபாரி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மூங்கில் பிடியில் தோல்வார் கட்டிய ஒரு சாட்டையை எடுத்து, "இது கொரடாவா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இது மாடு ஓட்டுகிறது. கொரடா என்றால் ஆளை அடிக்கிறது. ராஜா காலத்துக் கதையில் வருமே, அது." வாரின் நுனியை அவர் விரலில் சுற்றிக் காட்டினார். நுனியில் ஒரு சிறு முடிச்சு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. காற்றில் சொடுக்கினால் சத்தம் வரும், மாடு நடக்கும், தோலில் படவே வேண்டாம்.

ஓட்டுகிற சாட்டை ஒன்று, அடிக்கிற சாட்டை ஒன்று. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். நாம் கொறடா என்று பெயர்த்த சொல் அங்கே 'விப்'. அதன் பிறப்பிடம் நாடாளுமன்றம் இல்லை, நரி வேட்டை. இங்கிலாந்தில் குதிரையேறி நரி வேட்டைக்குப் போகும்போது நாய்க் கூட்டத்தை ஓட்டிச் செல்ல ஒருவர் இருப்பார். மோப்பம் தவறி முயல் பின்னால் ஓடும் நாயைத் திருப்பிக் கூட்டத்தில் சேர்ப்பது அவர் வேலை. அவருக்கு 'விப்பர்-இன்' என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பெயர் அரசியலுக்குள் வந்தது. 1769இல் எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பேசும்போது, ஆதரவாளர்களை ஊரிலிருந்து திரட்டிக்கொண்டு வந்ததை இந்த வேட்டைச் சொல்லால் குறிப்பிட்டார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. பிறகு பெயரின் வால் நறுங்கி வெறும் 'விப்' ஆயிற்று. ஆக, அந்த மூலப் பொருளில் அடி இல்லை. வாக்கெடுப்பு நேரத்தில் ஆள் இருக்கிறாரா, உணவு விடுதியில் உட்கார்ந்திருக்கிறாரா என்று தேடிப் பிடித்து வருவதுதான் வேலை. குந்தாரப்பள்ளிக்காரர் சொன்ன மாடு ஓட்டுகிற சாட்டை.

தமிழ் எடுத்துக்கொண்டதோ அடிக்கிற சாட்டையை. மராத்தியில் கோரடா, இந்தியில் கோடா, தெலுங்கில் கொரடா என்று விரிந்து கிடக்கும் குடும்பம் இது. தாசில்தார், சிரஸ்தார், ஜமாபந்தி எல்லாம் வந்த அதே அரண்மனை, அலுவலகப் பாதையில் வந்து சேர்ந்தது. நாங்கள் தேநீர் குடித்த கச்சேரிமேடும் அந்தப் பாதையில் வந்த பெயர்தான். கச்சேரி என்றால் அரசு அலுவலகம். சென்னையில் அதே சொல் வாய்ப்பாட்டாகிவிட்டது. அரூரில் இன்னும் மேட்டில் நிற்கிறது.

நம்மிடம் உள்ள சாட்டைச் சொற்களைக் கொட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். முல்லைப்பாட்டில் பாசறைக் காவலுக்கு நிற்கும் யவனர்கள் 'மத்திகை வளைஇய' கச்சையோடு வருகிறார்கள். மத்திகை என்றால் குதிரைச் சாட்டை. அதைக் கிரேக்கத்தின் 'மாஸ்டிக்ஸ்' என்ற சொல்லோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. கிரேக்கத்திலும் அதற்குச் சாட்டை என்றே பொருள். கசையடி என்கிறோம்; கசை வடமொழி. சவுக்கு பாரசீகத்தின் 'சாபுக்'. அதுவே மலாய் வழியாகக் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவில் 'ஷாம்பாக்' ஆயிற்று. கொறடா வடக்கிலிருந்து வந்தது. சாட்டை ஒன்றுதான் மண்ணின் சொல். கன்னடத்திலும் சாட்டி உண்டு. மனிதனை அடிக்கும் சாட்டைகளுக்கெல்லாம் வெளியூர்ப் பெயர், மாட்டை ஓட்டுவதற்கு மட்டும் வீட்டுப் பெயர்! இதிலிருந்து தமிழன் அடிக்கவே மாட்டான் என்று யாரும் மேடையேறிப் பேசிவிடக் கூடாது. அடிக்கிற அதிகாரம் யார் கையில் இருந்ததோ அவர்கள் மொழியில் அதன் பெயரும் இருந்தது, அவ்வளவுதான்.

ஓசூர் பேருந்து நிலையத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்று மொழி நாளிதழ்களும் கிடைக்கும். மூன்றையும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்கு அடுத்த வேடிக்கை அங்கே காத்திருக்கிறது. கன்னடத் தாளில் இந்தப் பதவி 'முக்ய சசேதக'. விழிப்பூட்டுபவர் என்று பொருள். இந்தியிலும் 'சசேதக்' என்பதே வழக்கு. கொரடாவை வீட்டிலேயே வைத்திருக்கும் தெலுங்கு, 'விப்' என்று ஆங்கிலத்தையே எழுதுகிறது. கோரடாவை உடைய மராத்தியோ 'பிரதோத்' என்ற வடசொல்லைத் தேர்ந்துகொண்டது. அது வண்டியோட்டியின் தார்க்கோல். சொந்தக்காரர்கள் யாரும் கொறடாவைச் சட்டமன்றத்துக்குள் அழைத்துப் போகவில்லை. இரவல் வாங்கிய நாம்தான் அழைத்துப் போய் நாற்காலி போட்டு 'அரசு தலைமைக் கொறடா அவர்கள்' என்கிறோம். ரகரத்தை றகரமாக்கிச் சொல்லை நம்முடையதாகவும் ஆக்கிக்கொண்டோம். கடைசியில் நிற்கும் 'டா'தான் எனக்கு இன்றும் நெருடுகிறது. அமைச்சருக்கு நிகரான தகுதியில் இருப்பவரை, அழைக்கும்போதே அதட்டுவதுபோல் இருக்கிறது.

சொல் இப்படிக் கடுமையாக வந்தாலும் பொருள் நெடுநாள் மெத்தென்றுதான் இருந்தது. 1967இல் அரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' (ராம் வந்தார், ராம் போனார்) என்ற தொடர் அப்போது பிறந்தது. எந்தக் கொறடாவும் அவரை ஒன்றும் செய்திருக்க முடியாது. கட்சி அவரை நீக்கலாம். சட்டமன்ற இருக்கை அவருடையதுதான். 1985இல் 52ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. கட்சி பிறப்பித்த கட்டளைக்கு மாறாக வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும், கட்சி 15 நாளுக்குள் அதைப் பொறுத்துக்கொள்ளாவிட்டால் பதவி போகும். அன்றுதான் ஓட்டுகிற சாட்டை அடிக்கிற சாட்டையாயிற்று. தமிழ்ச் சொல் முந்திக்கொண்டு நின்றது. சட்டம் பின்னால் வந்து அதன் பொருளை எட்டிப் பிடித்தது. நான் அறிந்தவரை ஒரு மொழிபெயர்ப்பு தவறாகத் தொடங்கிச் சரியாக முடிந்தது இங்கேதான்.

ஆனால் பத்தாவது அட்டவணையைத் தலைகீழாகப் படித்தாலும் 'விப்' என்ற சொல் அகப்படாது. அங்கே இருப்பது 'கட்டளை' மட்டும், அதுவும் அரசியல் கட்சியின் கட்டளை. கொறடா அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். அவரை நியமிப்பது கட்சியா, சட்டமன்றத்தில் உள்ள அக்கட்சி உறுப்பினர்களின் குழுவா என்று மகாராட்டிரத்தில் வழக்கு எழுந்தபோது, கட்சிதான் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாட்டைக்கு எல்லையும் உண்டு. குடியரசுத் தலைவர் தேர்தலில் இப்படி யார்மீதும் உத்தரவு போட முடியாது.

இனி அரூர் பெரியவரின் கேள்விக்குத் திரும்புகிறேன். எங்கள் இரு தொகுதிகளும் காலியானதற்குக் காரணம் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் இன்றும் "கொறடா உத்தரவை மீறிவிட்டார்கள்" என்பார்கள். அது சரியில்லை. 2017 ஆகஸ்டில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் சிலர் ஆளுநரைச் சந்தித்து முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அரசு தலைமைக் கொறடா பேரவைத் தலைவரிடம் புகார் செய்தார். செப்டம்பர் 18 அன்று 18 பேர் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் அந்தப் பதினெட்டில் இரண்டு. அங்கே வாக்கெடுப்பும் இல்லை, மீறிய உத்தரவும் இல்லை. கட்சி உறுப்பினர் பதவியைத் தாமாகவே கைவிட்டார்கள் என்ற பிரிவின் கீழ்தான் நடவடிக்கை. உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு எழுத, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார். கொறடா இந்தக் கதையில் சாட்டையாக வரவில்லை, புகார்தாரராக வந்தார். தேநீர்க் கடைக்காரர் சொன்ன குறடு உண்மைக்குக் கொஞ்சம் கிட்டத்தில்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

சரி, நல்ல தமிழில் எப்படிச் சொல்வது? இலங்கை நாடாளுமன்றத் தமிழில் 'முதற்கோலாசான்' என்ற சொல் புழங்குகிறது. கோல் பிடித்த ஆசான். கேட்டவுடன் கண்முன் ஒரு வகுப்பறை வந்துவிடுகிறது; வராத பையனைத் தேடி ஆள் அனுப்பும் தலைமையாசிரியர் வந்துவிடுகிறார். வேட்டை நாய், மாடு என்ற பேச்செல்லாம் போய், உறுப்பினர் குறைந்தபட்சம் மாணவராக உயர்கிறார். அழகான ஆக்கம்தான். ஆனால் தமிழகத்தில் அதை எழுதினால் ஒவ்வொரு முறையும் அடைப்புக்குறிக்குள் கொறடா என்று போட வேண்டியிருக்கும். 'சாட்டையர்' என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. 'கண்காணி' நல்ல சொல், ஆனால் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். அவரை எழுப்ப முடியாது.

என் வழக்கம் இது: ஆளுக்குக் கொறடா, உத்தரவுக்குக் கட்சிக் கட்டளை. ஆங்கிலத்தில் ஆளுக்கும் ஆணைக்கும் ஒரே சொல் என்பதால் நமக்கும் அந்தக் குழப்பம் தேவையில்லை. 'கொறடா பிறப்பித்தார்' என்று எழுதும்போது பிறப்பித்தவர் யார், பிறந்தது எது என்று தெரியாமல் போகிறது. கட்டளை என்றால் சட்டத்தில் உள்ள சொல்லோடும் பொருந்துகிறது, கிராமத்தில் படிக்கிறவருக்கும் புரிகிறது.

இன்னொன்றையும் திருத்தலாம். நெருக்கடியான வாக்கெடுப்பு வரும்போது 'மூன்று வரி கொறடா உத்தரவு' என்று சில செய்திகளில் எழுதுகிறார்கள். படிப்பவர் உத்தரவு மூன்று வரியில் இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார். உறுப்பினருக்கு அனுப்பும் தாளில் முக்கியமான வாக்கெடுப்பின் கீழ் அடிக்கோடு போடுவார்கள். ஒரு கோடு என்றால் தகவல், இரண்டு என்றால் வந்தாக வேண்டும், மூன்று என்றால் வந்து சொன்னபடி வாக்களித்தாக வேண்டும். அது வரி இல்லை, கோடு.