ஹெல்மெட் போட்டா மூளைக்கு ஒண்ணும் ஆகாதா?

டெக்சாஸ்ல இருக்கற வாசகி ஒருத்தர் கேட்டிருந்தாங்க, பையனுக்கு 7 வயசு, கூடப் படிக்கற பசங்க எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் மோதித் தள்ளற அமெரிக்கன் ஃபுட்பால்ல சேர்றாங்க, அதான் ஹெல்மெட் இருக்கே, சேர்த்துவிடலாமான்னு. அந்த ஹெல்மெட்ல இருந்தே ஆரம்பிக்கறேன்.

ஹெல்மெட் மண்டையோடு உடையாம பாத்துக்கும், அவ்வளவுதான். வேகமா போற தலை சடார்னு நின்னாலோ திரும்பினாலோ உள்ள இருக்கற மூளை உடனே நிக்காது, ரொம்ப மெத்துனு இருக்கறதால முறுக்கி இழுபடும். இழுபடறது ஆக்சான், அதாவது நியூரானோட நீள வால், ஸ்கூல்ல படம் வரைஞ்சு பாகம் குறிச்சிருப்போம்.

அந்த ஆக்சானுக்குள்ள மைக்ரோட்யூபூல்னு மெல்லிசான குழாய்கள் கட்டுக்கட்டா நீளவாக்குல இருக்கு, செல் தயாரிக்கற புரோட்டீன் எல்லாம் நுனிக்குப் போய்ச்சேர்றது இது மேலதான். இந்தக் குழாய்களை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் பிடிச்சிருக்கறது டாவ்னு ஒரு புரோட்டீன். மெதுவா இழுத்தா டாவ் விட்டுக்கொடுக்கும், குழாய்கள் வழுக்கி நீளும், விட்டா பழைய இடத்துக்கே வந்துடும். அதே இழுப்பு கண்ணிமைக்கற நேரத்துல வந்தா டாவுக்கு விலகவே நேரமில்லை, இறுகிப்போய் குழாயே முறிஞ்சிடும். ஜவ்வு மிட்டாய் அப்படித்தான், மெல்ல இழுத்தா கை நீளத்துக்கு வரும், வெடுக்குன்னு இழுத்தா அறுந்துடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல டக்ளஸ் ஸ்மித் குழு நியூரான்களைத் தட்டுல வளர்த்து இழுத்தே பாத்தாங்க. மெதுவா இழுத்தா ரெண்டு மடங்கு நீளத்தைக்கூட தாங்கின ஆக்சான், வேகமா இழுத்து விட்டா நேரா திரும்பாம நெளிநெளியா நின்னுச்சு, முறிஞ்ச குழாய் உள்ள முட்டிக்கிட்டு நிக்கறதால. அந்த இடத்துல போக்குவரத்து நின்னு புரோட்டீன் தேங்கி வீங்கிடும். ஒரு புரோட்டீனோட குணமே வேகத்தைப் பொறுத்து மாறுதுங்கறதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு ஆச்சரியம் தீரலை.

2002ல 50 வயசுல இறந்துபோன அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டரோட மூளையில, பிரேதப் பரிசோதனை டாக்டர் பென்னட் ஒமாலு பாத்தது கட்டிதட்டிப்போன இந்த டாவைத்தான். தலையில திரும்பத் திரும்ப இடி விழுந்து மூளை சிதையற இந்த நோய்க்கு சி.டி.இ.ன்னு பேரு, இதுல மூளை மடிப்புகளோட அடி ஆழத்துல, சின்ன ரத்தக்குழாய்களைச் சுத்தி டாவ் படியுது, கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டா இழுப்பு அதிகமா விழற இடமும் அதேதான். மயக்கம் போட்டு விழணும்னு அவசியமே இல்லை, வெளியே ஒண்ணுமே தெரியாத சின்னச் சின்ன இடிகள் வருஷக்கணக்கா சேர்ந்தாலே போதும்.

குழந்தைங்க விஷயத்துக்கு வர்றேன். உடம்புக்கு தலை பெரிசு, கழுத்துத் தசை வலு கம்மி, ஆக்சானைச் சுத்திக் கவசமா இருக்கற மயலின் உறை முழுசா வந்திருக்காது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துல 7, 8 வயசுப் பசங்க 7 பேரோட ஹெல்மெட்ல சென்சார் வச்சாங்க, ஒரு சீசனுக்கு ஆளுக்கு சராசரியா 107 இடி, பலமான இடிகள்ல பெரும்பாலானது மேட்ச்ல இல்லை, ப்ராக்டிஸ்ல!

பாஸ்டன் பல்கலைக்கழகம் 2015ல அமெரிக்கன் ஃபுட்பாலோட பெரிய தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லோட முன்னாள் ஆட்டக்காரங்க 42 பேரைப் பரிசோதிச்சதுல, 12 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சவங்க ஞாபகசக்தி டெஸ்ட்ல பின்தங்கியிருந்தாங்க. 2018ல வந்த ஆய்வுல, இறந்துபோன ஆட்டக்காரங்க 246 பேரைப் பாத்தப்போ, சீக்கிரம் ஆரம்பிச்சவங்களுக்கு அறிகுறியும் சீக்கிரம் வந்திருக்கு, ஆனா டாவ் அளவு கூடலை. இந்த 12 வயசுக் கோடு எல்லா ஆய்வுலயும் தென்படலை, அதனால அந்த நம்பரை நான் கெட்டியா பிடிச்சுக்க மாட்டேன். மொத்தம் எத்தனை வருஷம் ஆடினாங்கங்கறது இதைவிட உறுதியான கணக்கு, 2019 ஆய்வுல ஒவ்வொரு வருஷ ஆட்டத்துக்கும் சி.டி.இ. வாய்ப்பு 30 சதவீதம் ஏறுது. ஆனா இந்த ஆய்வுகளுக்குத் தானமா வர்ற மூளைகள்ல ஏற்கனவே அறிகுறி இருந்தவங்களோடதுதான் அதிகம், அதையும் மனசுல வச்சுக்கணும்.

ஒரு விஷயத்துல எனக்குக் கோபமே வருது. அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.ஹெச்.சோட ஆராய்ச்சிக்கு 3 கோடி டாலர் தர்றேன்னு 2012ல சொன்ன என்.எஃப்.எல்., சி.டி.இ. ஆய்வு ஒண்ணுக்கு பாஸ்டன் குழு தேர்வானதும் அதுக்குப் பணம் தர மறுத்து, கடைசியில என்.ஐ.ஹெச். சொந்தப் பணத்தைப் போட வேண்டியிருந்துச்சு. யார் ஆராயணும்னு ஆட்டத்தை நடத்தறவங்க முடிவு பண்ணவே கூடாது.

என்னைக் கேட்டா, 14 வயசு வரைக்கும் ஃப்ளாக் ஃபுட்பால் ஆடட்டும், இடுப்புல தொங்கற துணியைப் பிடுங்கினா போதும், மோதல் இல்லை, ஓட்டமும் கேட்ச்சும் அப்படியே இருக்கு. ஆளை மோதி வீழ்த்தற டேக்கிள் ஆட்டம்தான் வேணும்னு பையன் அடம் பிடிச்சா கோச்கிட்ட நேராவே கேளுங்க, வாரத்துல எத்தனை நாள் ப்ராக்டிஸ்ல மோதவிடறீங்கன்னு. வர்ஜீனியா ஆய்வுக்கு அப்புறம், சின்னப் பசங்களுக்கான பாப் வார்னர் லீக் 2012லயே ப்ராக்டிஸ்ல மோதற நேரத்தைக் குறைச்சுடுச்சு.